நான் காணாத அன்னாபிஷேகம்

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறது. ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம். கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் மாலையின் கடைசி வெளிச்சத்தில் தேன் நிறத்தில் நிற்கிறது. அதன் தோளுக்கு அருகே, மேகங்களின் இடைவெளியில், ஐப்பசிப் பௌர்ணமி நிலவு. வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் முன் நின்று, "நீங்களே எடுத்ததா சார்?" என்று கேட்பது வழக்கம். முன்பெல்லாம் "ஆமாம்" என்று சொல்லும்போது குரலில் பெருமை இருக்கும். இப்போது அந்தச் சொல்லுக்கு முன் ஒரு தயக்கம் வந்து நிற்கிறது. அந்தத் தயக்கம் எப்படி வந்தது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. கோயிலுக்குக் கேமராவோடு போகிற எவருக்காவது அது பயன்படக்கூடும்.

புகைப்பட ஆசை எனக்குச் சிறுவயதிலேயே பிடித்துக்கொண்டது. என் தாய்மாமனிடம் ஓர் ஆக்ஃபா கிளிக் கேமரா இருந்தது. ஒரு சுருளில் பன்னிரண்டு படங்கள் மட்டுமே எடுக்கலாம். ஆகவே ஒவ்வொரு படமும் வீட்டில் விவாதிக்கப்பட்டு, அனுமதி பெற்று, பிறகே எடுக்கப்படும். பிறகு படிப்பு, வங்கிப் பணி, மாற்றல்கள், பிள்ளைகள் என்று நாற்பதாண்டுகள் ஓடிவிட்டன. 2017-இல் ஓய்வு பெற்ற கையோடு நான் செய்த முதல் செலவு, ஒரு நிக்கான் டி5600 கேமராவும் 18-140 லென்சும் வாங்கியதுதான். சில மாதங்கள் கழித்து 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் சேர்ந்தது. அந்தக் கேமராவில் அது ஏறக்குறைய நம் கண் பார்க்கும் அளவிலேயே காட்சியைத் தரும். நெருங்கவேண்டுமானால் நாமே நடந்து நெருங்கவேண்டும். விலகவேண்டுமானால் நாமே பின்னால் போகவேண்டும்.

கும்பகோணத்தில் குடியிருப்பவனுக்குப் பயிற்சிக்கு இடம் தேடவேண்டியதில்லை. தாராசுரம் பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டாம் ராஜராஜன் கட்டிய அந்தக் கோயிலின் முன்மண்டபம் தேர்போல அமைந்தது; தென்புறத்தில் கல்லில் குதிரையும் சக்கரமும் இருக்கின்றன. நண்பகலில் அந்தச் சக்கரத்தைப் படமெடுத்தால் தட்டையாக, உயிரின்றி வரும். கதிரவன் தெற்கே சாய்ந்து செல்லும் மார்கழி, தை மாதங்களில் காலையில் போய் நின்றால், வெயில் பக்கவாட்டில் விழுந்து சிற்பத்தின் ஒவ்வொரு வரியும் எழுந்து நிற்கும். ஒளி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதே புகைப்படக் கலையின் முதற்பாடம் என்பதை அந்தச் சக்கரத்திடம்தான் கற்றேன்.

அடுத்த பாடம் உயரம் பற்றியது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை 216 அடி என்பார்கள். அதன் அருகில் நின்று கேமராவை அண்ணாந்து பிடித்தால் விமானம் பின்னோக்கிச் சாய்வதுபோல் படத்தில் தெரியும். கட்டியவர்கள் செங்குத்தாக நிறுத்தியதை நாம் சாய்த்துவிடுகிறோம். வெகுதூரம் விலகி நின்று, கேமராவை நேராகப் பிடித்தால்தான் அதன் நிமிர்வு படத்தில் வரும்.

மூன்றாவது பாடம், சட்டத்தின் ஓரங்கள். புதிதாகப் படமெடுப்பவர் நடுவில் இருப்பதை மட்டுமே பார்ப்பார். ஓரத்தில் ஒரு மின்கம்பியோ, யாரோ ஒருவரின் கைப்பையோ நுழைந்திருப்பதை வீட்டுக்கு வந்த பிறகே கவனிப்பார். பொத்தானை அழுத்துவதற்கு முன் நான்கு ஓரங்களையும் ஒருமுறை கண்ணால் சுற்றிவரவேண்டும். பகல் முழுவதும் கணக்கெழுதி மாலையில் ஐந்து ரூபாய் வித்தியாசத்தைத் தேடிய வங்கிக்காரனுக்கு இந்தப் பழக்கம் எளிதில் கைவந்தது.

இவ்வளவும் நான் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் என் மனைவி என்ன செய்துகொண்டிருந்தாள்? எந்தக் கோயிலுக்குப் போனாலும் கோபுர வாசலில் நான் சொல்லும் வாக்கியம் ஒன்றுதான். "நீ போய்த் தரிசனம் பண்ணிக்கொண்டிரு, இதோ வந்துவிடுகிறேன்." அவள் அர்ச்சனைத் தட்டோடு உள்ளே போவாள். நான் பிரகாரத்தில் ஒளிக்காகக் காத்திருப்பேன். பெரும்பாலும் நான் உள்ளே போகும்போது திரை போட்டிருக்கும், அல்லது நடை சாத்தும் நேரமாகியிருக்கும். "கோயிலுக்கு வந்துட்டு வாசலோட திரும்புற ஆள் நீங்க ஒருத்தர்தாங்க" என்பாள். அதில் கோபம் இருக்காது, சிரிப்புத்தான் இருக்கும்.

நானும் சும்மா இருக்கமாட்டேன். என்னிடம் வலுவான வாதங்கள் இருந்தன. 1858-லேயே லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய அதிகாரி, அரசாங்கப் புகைப்படக்காரராகத் தஞ்சைக்கு வந்து, பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டுகளைத் தொடர்ச்சியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீண்ட படமாக்கியதைச் சொல்வேன். எங்கள் பக்கத்து ஸ்ரீபுரந்தான் நடராஜர் கதையையும் சொல்வேன். கடத்திச் செல்லப்பட்டு ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் போய் நின்ற அந்த மூர்த்தி, 2014 செப்டம்பரில் நம் நாட்டிடம் திருப்பித் தரப்பட்டார். அவர் நம்மவர்தாம் என்று நிலைநாட்ட உதவியவற்றுள் முக்கியமானது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் 1994-இல் அந்தக் கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படம். "பார்த்தாயா? யாரோ ஒருவர் படமெடுத்து வைத்ததால்தானே சுவாமியே ஊர் திரும்ப முடிந்தது!" என்பேன்.

"அவங்க சுவாமியைப் பார்த்து எடுத்தாங்க" என்று அவள் ஒருமுறை பதில் சொன்னாள். அன்று அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

2019-ஆம் ஆண்டு ஐப்பசிப் பௌர்ணமி. கங்கைகொண்ட சோழபுரத்தில் அன்னாபிஷேகம். ராஜேந்திர சோழன் எழுப்பிய அந்தக் கோயிலின் மூலவர் சுமார் 13 அடி உயரமுள்ள லிங்கத் திருமேனி. அவ்வளவு பெரிய திருமேனி முழுவதையும் மூட்டை மூட்டையாக அரிசி வடித்து அன்னத்தால் மூடி அலங்கரிப்பார்கள். பல ஆண்டுகளாகப் போகவேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்ற பின் அந்த ஆண்டுதான் வாய்த்தது. அணைக்கரை வழியாக வாடகைக் காரில் பிற்பகலிலேயே போய்ச் சேர்ந்தோம்.

என் மனத்தில் வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. பௌர்ணமியன்று கதிரவன் மேற்கே மறையும் பொழுதை ஒட்டி நிலவு கிழக்கே எழும். கோயிலுக்கு மேற்கே வெகுதூரம் விலகி நின்றால், பின்னாலிருந்து வரும் அந்தி வெளிச்சம் விமானத்தின் மேல் விழும். விமானத்துக்கு அப்பால் நிலவு ஏறும். விமானத்தின் மீதுள்ள ஒளியும் நிலவின் ஒளியும் ஒரே படத்தில் ஒத்துவரும் நேரம் கால் மணிக்குமேல் நீடிக்காது. அதற்குப் பிறகு கட்டடம் இருண்டுவிடும், நிலவு வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும். இதை நான் பல வாரங்களாகத் திட்டமிட்டிருந்தேன்.

"ஆறு மணி தீபாராதனைக்கு வந்துவிடுவேன். நீ வரிசையில் நில்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

ஐப்பசி மாதம் அடைமழைக் காலம். கிழக்கே மேகம் திரண்டு கிடந்தது. ஆறு மணியாயிற்று, நிலவு வரவில்லை. இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று நின்றேன். தூரத்தில் மணியோசை கேட்டது. தீபாராதனை என்று தெரிந்தது. போகலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், போகவில்லை. மணியோசை அடங்கிச் சற்று நேரத்தில் மேகம் விலகியது. நிலவு விமானத்தின் தோளருகே வந்து நின்றது. ஒன்பது படங்கள் எடுத்தேன். அவற்றில் ஒன்றுதான் கூடத்தில் இருப்பது.

திரும்பி வந்தபோது இருட்டிவிட்டது. பெருங்கூட்டம். அவளைத் தேடி அலைந்தேன். கைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து நந்திக்கு அருகே ஓர் ஓரத்தில் அவள் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். கூட்டத்தின் நெரிசலில் செருப்பு போய்விட்டிருந்தது. மடியில் வாழையிலைத் துண்டில் அன்னப் பிரசாதம் மடித்து வைத்திருந்தாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்குவதற்கு முன்பே, "சாப்பிடுங்க, உங்களுக்காக வெச்சிருக்கேன். ஆறிப்போச்சு" என்றாள். வழி நெடுகிலும் அவள் கண்ட காட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். நான் கேமராவின் திரையில் ஒன்பது படங்களையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து அவளுக்குச் செய்தித்தாள் எழுத்துகள் நெளிந்து தெரியத் தொடங்கின. கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்று நினைத்தோம். மருத்துவர் பரிசோதித்துவிட்டு, விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து வருகிறது என்றார். முதுமையில் வரும் நோய்தான் இது. முற்றிலும் பார்வை போய்விடாது, ஓரப்பார்வை இருக்கும். ஆனால் எதை நேராகப் பார்க்கிறோமோ அது மங்கிப்போகும். இழந்ததை மீட்கமுடியாது, மேலும் மோசமாகாமல் இயன்றவரை பார்த்துக்கொள்ளலாம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

ஒரு நாள் கூடத்தில் அந்தப் படத்தின் முன் அவள் நின்றுகொண்டிருந்தாள். "சட்டம் தெரியுதுங்க. கீழே ஓரத்துல இருட்டா மரம் தெரியுது. நடுவுல இருக்கிறதுதான் மறைஞ்சுபோச்சு" என்றாள்.

"நடுவில் விமானமும் நிலவும் இருக்கின்றன. அன்னாபிஷேகத்தன்று எடுத்தது" என்றேன்.

"அது வெளியில இருந்ததுங்க" என்று சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து அன்றைக்கு உள்ளே இருந்ததைச் சொன்னாள். சாரத்தின் மேல் நின்று அர்ச்சகர்கள் அன்னத்தைக் கைகளால் அள்ளி அள்ளிச் சாத்தியது. சோற்றின் ஆவி விளக்கொளியில் புகைபோல எழுந்தது. ஆவுடையாரிலிருந்து உச்சிவரை ஒரே வெண்மையாக, பனிமலையைக் கொண்டுவந்து உள்ளே வைத்ததுபோல் நின்றது. தீபாராதனை காட்டியபோது ஒவ்வொரு பருக்கையும் மின்னியது. பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் வாய்விட்டு அழுதது. ஐந்தாண்டுக்கு முன் பார்த்த திரைப்படத்தின் கதையை மறந்துவிடும் அவள், அன்றைய ஒரு விவரத்தையும் மறக்கவில்லை. சொல்லி முடித்ததும் அமைதியாகச் சொன்னாள்: "நீங்களும் அன்னைக்கு உள்ளே வந்திருந்தா, இனிமே நான் மறந்தாலும் நீங்க எனக்குச் சொல்லுவீங்க. இப்போ நான்தான் உங்களுக்குச் சொல்லவேண்டியிருக்கு."

எனக்குப் பதில் இல்லை. அந்த மாலையின் படம் என்னிடம் இருக்கிறது. அந்த மாலை அவளிடம் இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை உள்ளூர்க் கோயிலுக்குப் போனோம். சன்னிதியை விட்டு வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: "அம்பாளுக்கு இன்னைக்கு என்ன புடவைங்க?" நான் "பச்சை" என்றேன். பிறகு "இல்லை, நீலம்" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியவில்லை. ஐந்தடி தூரத்தில் கைகூப்பி நின்றிருந்தேன், ஆனால் பார்க்கவில்லை. காசோலையில் கையெழுத்தின் ஒரு சுழியும் என் கண்ணுக்குத் தப்பியதில்லை. கல்தூணில் விழும் நிழலின் விளிம்பு தப்பியதில்லை. அம்பாளின் புடவை தப்பிவிட்டது. "பரவாயில்லைங்க, உள்ளே போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று அவள் சொன்னாள். போனேன். அரக்கு நிறம், மஞ்சள் கரை.

அன்றிலிருந்து ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டேன். தரிசனம் முடியும்வரை கேமரா பையைவிட்டு வெளியே வராது. சன்னிதியில் நிற்கும்போது, கேமராவுக்காகக் கற்ற பாடங்களையே வரிசையாகச் செய்வேன். முதலில் ஒளி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பேன்: தொங்குவிளக்கா, குத்துவிளக்கா, எத்தனை திரி. பிறகு நான்கு ஓரங்களையும் கண்ணால் சுற்றிவருவேன்: திருவாசி, தோளில் புரளும் மாலை, பீடத்தில் கிடக்கும் பூக்கள். அதன்பின் நடுவே வந்து திருமுகத்தில் நிற்பேன். பார்த்ததை அப்படியே அவள் காதருகே சொல்வேன். முதலில் மூன்று வாக்கியங்களுக்குமேல் எனக்கு வரவில்லை. அவள் விடமாட்டாள். "மாலை என்ன பூ? வாடியிருக்கா, புதுசா? சந்தனக்காப்பா, விபூதிக்காப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கேள்விக்குப் பயந்து கவனிக்கத் தொடங்கினேன். நாளடைவில் அந்தப் பயம் போய்க் கவனிப்பு மட்டும் நின்றது.

கருவறையில் படமெடுக்கக்கூடாது என்பது நம் கோயில்களின் வழக்கம். 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயில்களுக்குள் கைபேசிக்கே தடை விதிக்குமாறு உத்தரவிட்டது. முன்பு எனக்கு இது ஒரு குறையாகத் தோன்றியதுண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. வெளியே எதை விட்டாலும் படம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனம் சோம்பிவிடுகிறது. உள்ளே மட்டும்தான் அந்தச் சலுகை இல்லை. பார்த்தால் உண்டு, பார்க்காவிட்டால் இல்லை.

படமெடுப்பதை நான் விட்டுவிடவில்லை. அதைத் தவறென்று சொல்லவும் மாட்டேன். தரிசனத்துக்குப் பிறகு அவளை மண்டபத்தில் உட்காரவைத்துவிட்டு ஒரு சுற்று எடுத்து வருவேன். கங்கைகொண்ட சோழபுரத்தில் சண்டேசருக்கு ஈசன் தம் கையால் மாலை சுற்றும் சிற்பம், வடபுறத்துப் படியருகே இருக்கிறது. ஐப்பசி முதல் மாசி வரை அந்தச் சுவரில் நேர்வெயில் விழாது. மென்மையான வெளிச்சத்தில் ஈசனின் முகத்துக் கனிவு அப்படியே படத்தில் வரும். போகிறவர்கள் அவசியம் பார்க்கவேண்டும். படம் எடுக்க விரும்புவோர், பார்த்த பிறகு எடுக்கலாம்.

2024 ஐப்பசிப் பௌர்ணமிக்கு மீண்டும் அங்கே போனோம். கேமராவை வீட்டிலேயே வைத்துவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வரிசையில் நின்றாள். இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. உள்ளே நுழைந்ததும் சோற்றின் மணம் முகத்தில் அடித்தது. "வந்துட்டோமா?" என்றாள். "வந்துவிட்டோம்" என்றேன்.

அவள் முகத்தைச் சற்றே பக்கவாட்டில் திருப்பினாள். நேராகப் பார்த்தால் மறைந்துவிடுகிறது, பக்கமாகப் பார்த்தால் கொஞ்சம் தெரிகிறது என்று தானாகவே கண்டுகொண்டிருந்தாள். "வெள்ளையா பெருசா ஏதோ தெரியுதுங்க" என்றாள். நான் சொல்லத் தொடங்கினேன். விளக்குகள், ஆவுடையாரின் விளிம்பில் வரிசையாக வைத்த காய்கனிகள், உச்சியில் சாத்திய மாலை, அன்னத்தின் மேல் அர்ச்சகரின் விரல்கள் பதிந்திருந்த தடம் வரை சொன்னேன். பின்னாலிருந்து ஒரு முதிய அம்மாள், "கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க ஐயா. முன்னாடி நிக்கறவங்க மறைக்கறாங்க, எனக்கும் தெரியலை" என்றார். உரக்கச் சொன்னேன். தீபாராதனை மணி ஒலித்தபோது என் குரல் நின்றுவிட்டது. அதன்பின் பேச முடியவில்லை. அவள் என் கையை அழுத்தினாள்.

வெளியே வந்து, முன்பு அவள் தனியே காத்திருந்த அதே நந்தியின் அருகே உட்கார்ந்தோம். இலையில் வாங்கிய பிரசாதம் இன்னும் சூடாக இருந்தது. இருவரும் சாப்பிட்டோம்.

"நிலா வந்துடுச்சாங்க?"

"வந்துவிட்டது."

"படம் எடுக்கலையா?"

"கேமரா கொண்டுவரவில்லை."

"அப்போ எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன்.